‘முடியாது’ என்று சொல்வது பாவமா?



அரையாண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம். மறைக்கல்வி வகுப்பில் அருட்சகோதரி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். “சென்ற ஒரு மாதத்தில், ‘இது என்னால் முடியாது’ என்று வீட்டிலோ வெளியிலோ யாரிடமாவது சொன்னவர்கள் கை தூக்குங்கள்” என்றார்கள். வகுப்பில் ஒரு கையும் எழவில்லை. “அப்படியானால் உங்களால் முடியாத வேலை எதுவுமே வரவில்லையா?” என்று அடுத்துக் கேட்டார்கள். நாங்கள் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. அந்தக் கைக்கு உரியவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவள் பெயரை இங்கே நாங்கள் எழுதப் போவதில்லை. நடந்ததை எழுத மட்டும் அவள் அனுமதி தந்திருக்கிறாள். தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார் என்றும், பரீட்சை முடிந்ததும் பேசி முடித்துக்கொள்ளலாம், கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் அவள் வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறது. பூ வைத்துப் போக வருகிறோம் என்று நாளும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு இவள், “அப்பா, இப்ப எனக்கு வேண்டாம்ப்பா. நான் படிக்கணும்” என்று சொல்லிவிட்டாள். அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். அந்த மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை. “நான் சொன்னது தப்பில்லைன்னு தெரியுது. ஆனா பெரிய பாவம் பண்ணின மாதிரியே இருக்கு” என்றாள்.

அன்று எங்களுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத்தான் தெரிந்தது. என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பல நாள் பேசி, பெரியோரிடம் கேட்டு, திருவிவிலியத்தைப் புரட்டிப் பார்த்து, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதுதான் கண்டுகொண்டோம். அதையே இம்மலரில் உங்கள் முன் வைக்கிறோம்.

பெண் என்றால் பொறுமை, அடக்கம், தியாகம் என்று நாம் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். அவை உயர்ந்த குணங்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நம் முன்னோர் இன்னொரு பழமொழியையும் சொல்லி வைத்திருக்கிறார்கள். குனியக் குனியக் குட்டுகிறவனும் மூடன், குட்டக் குட்டக் குனிகிறவனும் மூடன் என்பதே அது. பெண்பிள்ளைகளுக்கு முதல் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த ஊர், இரண்டாம் பாடத்தை ஏனோ சொல்ல மறந்துவிட்டது.

நம் வீடுகளையே எண்ணிப் பாருங்கள். பாளையம்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் தறி ஓடும் வீடுகள் பல. தறியில் இருப்பவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பவள் அம்மா. அதை விட்டு எழுந்தால் அடுப்பு. அடுப்பை விட்டால் குழாயடி. மாலையில் பூக்கட்டு. நடுவே, “அக்கா, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல். எல்லாவற்றுக்கும் அம்மாவின் பதில் “சரி” என்ற ஒரே சொல்தான்.

சென்ற ஐப்பசியில் எங்கள் அம்மாவுக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். மூன்று நாளும் அடுப்பு ஒரு வேளைகூட அணையவில்லை. “படுத்துக்கோம்மா, நாங்க பார்த்துக்கிறோம்” என்றபோது, “பொம்பளை படுத்தா வீடே படுத்துரும்” என்றார்கள். நான்காம் நாள் அம்மா வாசலிலேயே மயங்கி விழுந்தார்கள். அப்புறம் வீடு ஒன்றும் படுத்துவிடவில்லை. அப்பா உலை வைத்தார். அண்ணன் தண்ணீர் பிடித்தான். எல்லாம் நடந்தது. முதல் நாளே நடந்திருக்கலாம் அல்லவா? கட்டிலில் கிடந்த அம்மாவோ, ‘உங்களையெல்லாம் சிரமப்படுத்துறேனே’ என்று கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலைவிட இந்தக் கண்ணீர்தான் எங்களை அதிகம் வருத்தியது. நோயாளிக்கு ஏன் குற்ற உணர்வு?

இது எங்கள் அம்மா ஒருவரின் கதையன்று. மைய அரசு 2024-ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறாள். ஆணுக்கு அது 88 நிமிடங்கள். 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் பெண்ணின் நேரம் 299 நிமிடங்களாக இருந்தது. ஐந்தாண்டுகளில் நம் அன்னையருக்குக் கிடைத்த ஓய்வு பத்தே பத்து நிமிடங்கள்!

‘எல்லை வகுத்துக்கொள்’ என்று சொன்னால் உடனே சிலர், ‘சுவர் எழுப்பச் சொல்கிறாயா?’ என்று கேட்கிறார்கள். நம் ஊர்க் கண்மாயைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் நமக்கு முதல். அந்த மழையைப் பிடித்து வைப்பது கண்மாய்க் கரை. கரை இல்லாவிட்டால் தண்ணீர் நாலாபுறமும் ஓடி, ஒரு வயலுக்கும் உதவாமல் வீணாகும். கரையில் மடை இருக்கிறது. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு என்று பார்த்து நீர்பாய்ச்சி மடையைத் திறக்கிறார். கேட்டவர்க்கெல்லாம் கேட்ட நேரத்தில் திறந்துவிட்டால் தை மாதத்தில் கதிர் கருகும். மடையை ஒருநாளும் திறக்காவிட்டாலும் பயிர் கருகும்தான். கரையும் வேண்டும், மடையும் வேண்டும். கரையை வைத்திருப்பதால் கண்மாயைக் கஞ்சன் என்று யாரும் சொல்வதில்லை. பெண்ணின் மனமும் உடலும் நேரமும் அப்படிப்பட்டவையே.

இனி, நம் ஆண்டவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் கப்பர்நாகும் நிகழ்ச்சி வருகிறது. கதிரவன் மறைந்தபின் ஊரே திரண்டு வாசலில் நிற்கிறது. இயேசு பலருடைய நோய்களைக் குணமாக்குகிறார். மறுநாள் விடியுமுன்பே எழுந்து, தனிமையான இடத்துக்குச் சென்று இறைவேண்டல் செய்கிறார். சீமோனும் மற்றவர்களும் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ‘ஐயோ, காத்திருக்கிறார்களே’ என்று பதறி ஓடியிருப்போம். இயேசு பதறவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், அதற்காகவே வந்தேன் என்கிறார். கப்பர்நாகும் மக்கள்மீது அவருக்கு அன்பு இல்லையா? இருந்தது. ஆனால் தம்மை அனுப்பிய தந்தை எதற்காக அனுப்பினார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாருடைய விருப்பத்தையும் நிறைவேற்றுவதும் இறைவனின் விருப்பத்தை நிறைவேற்றுவதும் ஒன்றல்ல என்பதை அந்த விடியற்காலை நமக்குக் கற்பிக்கிறது.

பழைய ஏற்பாட்டிலும் இதே பாடம் உண்டு. காலை முதல் மாலை வரை மக்களின் வழக்குகளைத் தனியே கேட்டுக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் இத்திரோ, நீ செய்வது நல்லதன்று, நீயும் களைத்துப் போவாய், இம்மக்களும் களைத்துப் போவார்கள் என்று கண்டித்தார். பொறுப்பைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார். மோசேயும் கேட்டுக்கொண்டார். செங்கடலைக் கடந்த மோசேக்கே ஓய்வு வேண்டியிருந்தது என்றால், அருப்புக்கோட்டைச் சந்தைக்கும் வீட்டுக்கும் நடக்கும் நம் அம்மாவுக்கு வேண்டாமா?

நம் அன்னை மரியாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘மாதாவைப் போல எதற்கும் சரி என்று சொல்’ என்று நமக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் லூக்கா எழுதியதைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். வானதூதர் வந்து சொன்னவுடன் மரியா தலையாட்டிவிடவில்லை. கலங்கினார், எண்ணிப் பார்த்தார், இது எப்படி நிகழும் என்று கேட்டார். விளக்கம் பெற்ற பின்னரே தம் இசைவைத் தந்தார். வானத்தையும் பூமியையும் படைத்தவர், நாசரேத்தூரின் ஓர் இளம் பெண்ணுடைய பதிலுக்காகக் காத்திருந்தார்! மறுக்க வழியே இல்லாத இடத்தில் கேட்டிருந்தால் அந்த ‘ஆம்’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

இதுவே நாங்கள் கண்டுகொண்ட உண்மை. ‘இல்லை’ என்று சொல்ல உரிமை உள்ளவளின் ‘ஆம்’ மட்டுமே உண்மையான ‘ஆம்’. இயேசுவின் சிலுவைச் சாவைப் பற்றியும் யோவான் நற்செய்தி இதையே உணர்த்துகிறது. தம் உயிரைத் தம்மிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே கொடுப்பதாக அவர் சொன்னார். மனமுவந்து கொடுப்பது தியாகம். பயத்தால் பிடுங்கப்படுவதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது, தியாகத்துக்கே இழுக்கு.

திருச்சபையும் இதை அறிந்தே இருக்கிறது. நம் கோவிலில் ஓலை வாசித்து, மணமக்கள் பீடத்தின் முன் நிற்கும்போது குருவானவர் முதலில் கேட்கும் கேள்வி நகையைப் பற்றியதா, சீர்வரிசையைப் பற்றியதா? இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனத்தோடு வந்திருக்கிறீர்களா என்பதே முதல் கேள்வி. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்றும், அந்தச் சம்மதத்தை அவர்களுக்குப் பதிலாக வேறு எந்த மனித அதிகாரமும் தர இயலாது என்றும் கூறுகிறது. வன்முறையாலோ கடும் அச்சத்தாலோ நடந்த திருமணம் செல்லாது என்றும் கூறுகிறது. தகப்பனார் தரலாம் நகையை. தாய்மாமன் தரலாம் சீரை. சம்மதத்தை மட்டும் பெண்தான் தர வேண்டும்!

சம்மதம் கேட்கப்படாத ஒரு பெண், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் என்ன செய்தார் தெரியுமா? பம்பாயைச் சேர்ந்த ருக்மாபாய்க்குப் பதினோராம் வயதில் மணம் செய்து வைத்தார்கள். வளர்ந்தபின் அவர் கணவரோடு வாழ மறுத்தார். கணவர் வழக்குத் தொடுத்தார். 1887-இல் நீதிமன்றம், கணவர் வீட்டுக்குப் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்குப் போகிறேன் என்றார் அந்த இளம் பெண். நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. 1888-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிறகு இலண்டன் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்து நகரில் பல்லாண்டு பெண்களுக்குச் சிகிச்சை செய்தார். இவரது வழக்கு எழுப்பிய விவாதம் 1891-ஆம் ஆண்டின் சம்மத வயதுச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. அவர் சொன்ன ஒரு ‘மாட்டேன்’, எத்தனையோ சிறுமியருக்கு அரணாயிற்று.

பம்பாய் வரை போவானேன்? நம் தென்மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து நம் வயதுப் பெண்கள் நூற்பாலைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டதை நாம் அறிவோம். ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்கு மங்கலமான பெயர் வைத்தார்கள். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவோம் என்றார்கள். இடையில் நோயுற்று வீடு திரும்பினால் அந்தத் தொகை பலருக்குக் கைக்கு வரவில்லை. ஆகவே முடியவில்லை என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. வெளியே போகவும் வீட்டாரோடு பேசவும் கட்டுப்பாடு. 2011-இல் வெளிவந்த ஆய்வறிக்கைகள் இதை உலகறியச் செய்தன.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவளோடு வேலை செய்தவர்கள் அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கம் ஒன்று விடாமல் பேசியதன் பயனாக, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தாயிற்று. தகாத சொல்லும் தொடுகையும் நேர்ந்தால் முறையிட வழியும், முறையிட்டவரைப் பழிவாங்காமல் இருக்கப் பாதுகாப்பும் அதில் உண்டு. தனியொருத்தி சொன்னால் அடங்கிப்போகும் ‘வேண்டாம்’, பலர் சேர்ந்து சொல்லும்போது ஒப்பந்தமாகவே மாறுகிறது.

தானியேல் நூலில் வரும் சூசன்னாவும் இப்படித்தான். அதிகாரத்தில் இருந்த இரண்டு முதியோர், இணங்காவிட்டால் பொய்ப்பழி சுமத்துவோம் என்று மிரட்டினார்கள். சூசன்னா இணங்கவில்லை. உரத்த குரலில் கத்தினாள். ஊர் முதலில் அவளை நம்பவில்லை. ஆனால் கடவுள் அவள் பக்கம் இருந்தார். இளைஞனான தானியேலின் வாயிலாக உண்மை வெளிவந்தது. பெரியவர் ஒருவர் தவறாக நடக்க முயன்றால், மரியாதை கருதி வாய்மூடி இருப்பது அடக்கம் ஆகாது என்பதை நம் தங்கைமாரும் அறிந்துகொள்ளட்டும்.

‘இப்படியெல்லாம் எழுதினால் பிள்ளைகள் சுயநலமாகிவிடுவார்களே’ என்று சில பெரியோர் கவலைப்படலாம். அந்தக் கவலை நியாயமானதே. தட்டைக் கழுவச் சொன்னால் ‘இது என் எல்லை’ என்று சட்டம் பேசுகிறவள் சோம்பேறி. தொலைக்காட்சி பார்ப்பதற்காகப் பாட்டியின் மருந்தை மறப்பவள் அன்பில்லாதவள். தாய் தந்தையரை மதித்தல் இறைவன் தந்த கட்டளை. அதை நாம் மீறச் சொல்லவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்ற பழமொழியைக் கஞ்சத்தனத்துக்குச் சாக்காகச் சொல்லும் பழக்கம் உண்டு. நாங்கள் அதைக் கேட்பது வேறு விதமாக. எண்ணெய் இல்லாத விளக்கு பிறருக்கு எப்படி ஒளி தரும்? ஆண்டவரும் உன்னை வெறுத்துவிட்டு அயலாரை நேசி என்று சொல்லவில்லையே. உன்னைப் போல் என்றல்லவா அளவு வைத்தார்?

ஆகவே ஒன்றை மறுக்குமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இது என் கடமையா, அல்லது பிறர் தம் கடமையை என் தலையில் வைக்கிறார்களா? இதை நான் அன்பினால் செய்கிறேனா, அல்லது கோபித்துக்கொள்வார்களே என்ற பயத்தினால் செய்கிறேனா? இதைச் செய்தால் என் உடல்நலமோ படிப்போ மானமோ கெடுமா? மூன்றுக்கும் உண்மையான பதில் கிடைத்தபின், மறுக்க வேண்டியதை மரியாதையோடு மறுப்போம். “சித்தி, இன்னைக்குப் பரீட்சைக்குப் படிக்கணும். சனிக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துக்கிறேன்” என்று சொன்னால் எந்தச் சித்தியும் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் சனிக்கிழமை சரியாகிவிடும்.

ஆனால் மரியாதைக்கு இடமில்லாத இடங்களும் உண்டு. தொடக்கூடாத இடத்தில் தொடும் கைக்கும், பதினெட்டு வயதுக்குமுன் பேசப்படும் கல்யாணத்துக்கும் தயக்கமின்றி ‘கூடாது’ என்று சொல்லலாம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098 என்ற எண்ணும், பெண்களுக்கு 181 என்ற எண்ணும் இருக்கின்றன. ஆசிரியையிடமும் அருட்சகோதரியிடமும் சொல்லலாம். சொல்வது குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

சொன்ன பிறகும் மனம் உறுத்தத்தான் செய்யும். எங்கள் தோழிக்கு உறுத்தியது போல. அந்த உறுத்தலெல்லாம் மனச்சான்றின் குரல் என்று எண்ணிவிட வேண்டாம். பாவம் செய்தவருக்கு வரும் வருத்தம் வேறு. பழகாத செருப்பை முதல் நாள் போட்டால் கடிக்கிறதே, அது வேறு. பாவத்துக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. செருப்புக் கடிக்கு நாலு நாள் நடந்தால் போதும்.

அந்தத் தோழியின் கதையைச் சொல்லி முடிக்கவில்லையே! ஐந்தாம் நாள் மாலை அவள் அப்பா கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினாராம். கையில் பத்தாம் வகுப்புக் கணக்கு வினா வங்கிப் புத்தகம். ஒன்றும் பேசாமல் அவள் பைமேல் வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டாராம். மறுநாள், “மேலே படிக்க என்ன செலவாகும்?” என்று அம்மாவிடம் கேட்டாராம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படிக்கும் மாணவியருக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2024 முதல் விரிவாக்கப்பட்டதையும், கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் அவளே அப்பாவிடம் விளக்கினாளாம். பூ வைக்க வருகிறவர்களுக்கு, ‘பிள்ளை படிக்குது, இப்ப இல்லை’ என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாளை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாது. இன்று அவள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வடிவியல் வரைந்துகொண்டிருக்கிறாள்.

எல்லாத் தந்தையரும் ஐந்தாம் நாள் மனம் மாறிவிடுவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். நாங்கள் மறுக்கும்போது கோபிக்குமுன், நாங்கள் இத்தனை நாள் மறுக்காமல் செய்ததை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அன்னையருக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்துக்கொள்வதைப் பார்த்துத்தான் நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு இறுதியில் நாங்கள் பலவிதப் பாதைகளில் பிரிந்து போகப் போகிறோம். சிலர் மேல்நிலைக் கல்விக்கு, சிலர் தறிக்கு, சிலர் ஆலைக்கு. எங்கே போனாலும் சுமப்பதற்குத் தோள் கொடுப்போம். ஆனால் அது நாமே கொடுத்த தோளாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு இதே வகுப்பில் அருட்சகோதரி அதே கேள்வியைக் கேட்கும்போது, எங்களுக்குப் பின் வரும் தங்கைகள் அழாமல் கை தூக்கட்டும்!

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி,
பாளையம்பட்டி.